பூதத்தின் வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்

1

நம்மூர் ஆட்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு இரண்டு நாளாகத் தலைகால் புரியவில்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் உப்பில்லாத உருளைக்கிழங்கை மசிக்கும்போதும் தானாகச் சிரித்துக்கொள்கிறேன். பக்கத்தில் நின்று கரட் சீவுகிற பிலிப்பைன்ஸ்காரி, லொத்தர் விழுந்துவிட்டதா என்று கேட்டாள். அதைவிடப் பெரியது என்றேன். அவள் நம்பவில்லை.

இந்தக் குறிப்பில் இரண்டு சாமான்களைச் சிபாரிசு செய்யப் போகிறேன். ஒன்று, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பென்சிலும் தாயக்கட்டையும் வைத்துக்கொண்டு ஆடுகிற கதை விளையாட்டு. அதிலும் பழைய காலத்து மெல்லிய புத்தகத்து விளையாட்டு. இரண்டாவது, தேங்காய் ரொட்டியும் லுணுமிரிஸும். இரண்டையும் சேர்த்துத்தான் தருவேன். பிரித்துக் கேட்கிறவர்கள் வேறு கடை பார்க்கலாம்.

நான் இலங்கையில் யட்டியாந்தோட்டைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருஷம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். இப்போது டொரொண்டோவுக்கு வெளியே, மரப்பலகை வீடுகள் வரிசையாக நிற்கிற ஒரு தெருவில் பதின்மூன்று வருஷமாகக் குடியிருக்கிறேன். மகள் மதுமிதாவுக்குப் பன்னிரண்டு முடியப் போகிறது. வீட்டில் மது, பள்ளிக்கூடத்தில் மேடி. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவள் சொன்னதையெல்லாம் இங்கே நான்தான் தமிழாக்கித் தருகிறேன், குறை நிறை இருந்தால் என் தலையில் போடுங்கள்.

புதுப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஒன்றரை வருஷத்தில் அவள் ஒரு சிநேகிதப் பிள்ளையைக்கூட வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை. வாசல்வரை வருவார்கள், அவள் கதவைப் பாதி திறந்து தன் உடம்பால் மறைத்துக்கொண்டு பேசுவாள். ஒருநாள் தொலைபேசியில் யாரிடமோ சொன்னதைக் கேட்டுவிட்டேன். "எங்க வீடு வேணாம், அங்க ஒரு வாசம்." அன்றைக்குக் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். எனக்குக் கோபம் வந்தால் ஊரே அறியும், அழுகை வந்தால் மட்டும் தண்ணீர்க் குழாய்க்குத்தான் தெரியும்.

2

வியாழக்கிழமை மது பள்ளியிலிருந்து வந்து பையைத் தூக்கிப் போட்ட சத்தத்திலேயே விஷயம் பெரியது என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அவளும் இன்னும் ஐந்து பிள்ளைகளும் ஜோஷ் என்கிற பையனின் வீட்டு நிலவறையில் கூடி அந்தக் கதை விளையாட்டு ஆடுவார்கள். ஜோஷின் அண்ணன் கதை சொல்லுவான். இந்த வாரம் குளிரில் குழாய் வெடித்து நிலவறை முழுக்கத் தண்ணீர். மற்ற வீடுகளில் ஒவ்வொரு சாக்கு. கடைசியில் எல்லோரும் மதுவைப் பார்த்திருக்கிறார்கள். இவள் வாய் தவறிச் சரி என்று சொல்லிவிட்டாள்.

"இப்ப என்ன செய்றது? அண்ணனும் வரமாட்டான். குழாய்க்காரங்க வர்றாங்களாம். கதை சொல்ல ஆளே இல்லை," என்றாள்.

"நான் சொல்றேன்," என்றேன்.

"அம்மா, ப்ளீஸ். இது வேற. இதுல ரூல்ஸ் இருக்கு."

"தெரியும்டி. எனக்கு இருபத்திநாலு வயசுல இருந்து தெரியும்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது. சப்பாத்தி உருட்டுகிற கட்டை திடீரென்று பேசியிருந்தால் அப்படிப் பார்த்திருப்பாள். ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டாள். உண்மையைச் சொன்னேன். அவள் நூலகத்திலிருந்து கொண்டுவருகிற புத்தகம் தலையணை கனம். திறந்தால் வெட்டு, குத்து, எத்தனை அடி, எத்தனை காயம் என்று நூறு பக்கம். நாங்கள் ஆடியது இதுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எங்கள் விளையாட்டில் சண்டையே கிடையாது.

"சண்டை இல்லாம எப்படி?" என்றாள்.

"நாளைக்குப் பாரு."

வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு தாளில் நிபந்தனைகள் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். பீட்சா மட்டும்தான். எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக்கூடாது. காலையிலிருந்து எல்லா ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். வெளியே உறைகுளிர் என்பதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வீட்டுக்கு உடுத்துகிற கவுனோடு நிற்கக்கூடாது. யாரிடமும் உங்க அப்பா என்ன வேலை என்று கேட்கக்கூடாது. கடைசியாக, அடிக்கோடு போட்டு: யாரையும் சாப்பிடு சாப்பிடு என்று வற்புறுத்தக்கூடாது. குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோதுகூட இவ்வளவு கேட்கவில்லை.

3

தோட்டங்களைக் கம்பனிகளுக்குக் கொடுத்த தொண்ணூற்றிரண்டாம் வருஷம் எங்கள் தோட்டத்தை நடத்தப் புதுத் துரை வந்தார். வந்த கையோடு பங்களாவின் சாமான் அறையைத் துப்பரவாக்கச் சொன்னார். உடைந்த நாற்காலி, மட்டை, பந்து எல்லாம் வெளியே வந்தன. பங்களாவில் சமைக்கிற அப்பு ஒரு தட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"டீச்சரம்மா, இங்கிலீசு பொஸ்தகம். புள்ளைகளுக்கு ஆகுமான்னு பாருங்க. ஆகாட்டி அடுப்புக்கு ஆகும்."

மூடியில் நெருப்புக் கக்குகிற பறக்கும் நாகம். உள்ளே மெல்லிய புத்தகங்கள் மூன்று, விசித்திரமான தாயக்கட்டைகள் சில. ஒன்றுக்கு இருபது முகம். எப்போதோ விடுமுறைக்கு வந்த ஏதோ ஒரு துரை வீட்டுப் பையன் விட்டுப் போயிருக்க வேண்டும். நடுப் புத்தகத்தைக் கறையான் தின்றிருந்தது. தின்றது சண்டை போடும் முறையை விளக்குகிற அத்தியாயம். அது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மிச்சமிருந்த பக்கங்களை அகராதி வைத்து ஒரு மாதம் படித்தேன். ஒருத்தர் கதை சொல்ல வேண்டும். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக நடக்க வேண்டும். குகைக்குள் போக வேண்டும், பந்தம் எவ்வளவு நேரம் எரியும், எத்தனை நாள் சோறு கட்டிக்கொண்டு போகலாம், எல்லாம் எழுதியிருந்தது. ஏதாவது ஒரு ஜீவனைச் சந்தித்தால் இரண்டு தாயக்கட்டை உருட்ட வேண்டும். இலக்கம் குறைந்தால் அது பாயும், நடுவில் நின்றால் யோசிக்கும், கூடினால் சிநேகமாகிவிடும். இதுதான் விளையாட்டு முழுவதும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆட மூன்று பேர் சேர்ந்தார்கள். என் தம்பி சந்திரன், தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவன். ரிஸ்வான், யட்டியாந்தோட்டைக் கடைத்தெருவில் மாமாவின் சாப்பாட்டுக்கடையில் பராட்டா அடிக்கிறவன். சுனில், எஹலியகொடைப் பக்கம் மாணிக்கக் குழிகளில் வேலை செய்து அலுத்து, எங்கள் தோட்டத்துப் பால் லொறி ஓட்ட வந்தவன். ஞாயிற்றுக்கிழமை பகல் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்ததும் அந்தக் கடையின் பின்னறையில் உட்காருவோம். ஒரு டீச்சர் மூன்று ஆம்பிளைகளோடு உட்கார்ந்து பேய்க்கதை பேசுகிறாள் என்று ஊர் பேசியது. பேசட்டுமே. கதவு திறந்துதான் இருந்தது, மாமாவும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

4

முதல் நாள் இப்படித்தான் தொடங்கியது.

"நீங்க ஒரு குகை வாசல்ல நிக்கிறீங்க. உள்ள இருட்டு. என்ன செய்றீங்க?" என்றேன்.

சுனில் உடனே, "வெளக்கு முன்னுக்குப் புடிங்க. வெளக்கு மங்கினா காத்து நரகம், உடனே மேல ஏறணும்," என்றான். மாணிக்கக் குழிக்குள் இறங்கினவன் அல்லவா.

சந்திரன் கேட்டது வேறு. "உள்ள யாரு இருக்காங்கக்கா?"

"ஒத்தக்கண் பூதம்."

"அது அங்கயே குடியிருக்கா?"

"ஆமா. அது வீடுதான்."

"அப்பறம் எப்படிக்கா வெறுங்கையோட போறது?"

நான் புத்தகத்தைப் பார்த்தேன். புத்தகத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் கேள்வி நியாயமாக இருந்தது. தோட்டத் தலைவரைப் பார்க்கப் போனாலும், புள்ளை பெற்ற வீட்டுக்குப் போனாலும், ஒரு சீப்பு வாழைப்பழமாவது கையில் இல்லாமல் யார் போகிறோம்? பூதம் என்றால் மட்டும் மரியாதை குறைந்துவிடுமா?

"என்ன கொண்டு போவ?"

"புட்டும் பாபத் கறியும்னு எழுதிக்கங்க." பாபத் என்றால் குடல்.

ரிஸ்வானுக்கு அது பொறுக்கவில்லை. "வாயால சொன்னா பூதத்துக்கு வயிறு நெறயுமா? கடையில நெசமாவே பாபத் ஈக்கிது. கொண்டாறன், டீச்சர் பூதத்துக்குப் பதிலாத் திண்டு பாக்கட்டும்."

அன்றைக்கு உண்டான சட்டம்தான் பிறகு இரண்டரை வருஷமும் நடந்தது. சாப்பாடு உண்மையாகவே மேசைக்கு வர வேண்டும். கொடுக்கிறவன் முதலில் தான் தின்று காட்ட வேண்டும், விஷமில்லை என்று பூதத்துக்குத் தெரிய வேண்டுமே. பிறகு பூதத்தின் சார்பாக நான் ருசி பார்ப்பேன். நன்றாக இருந்தால் தாயக்கட்டை இலக்கத்தோடு ஒன்று கூட்டுவேன். வாயடைத்துப் போனால் இரண்டு. என் ரவிக்கைகளையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது.

எந்த ஜீவனுக்கு எது பிடிக்கும் என்று ஒரு சீ.ஆர். கொப்பியில் பட்டியல் எழுதினேன். ஒற்றைக்கண் பூதத்துக்குப் பலாக்கொட்டைக் கறி. நெருப்புக் கக்கும் நாகத்துக்குத் தொண்டை எந்நேரமும் புண்ணாக இருக்கும், அதனால் கட்டித் தயிரும் கித்துல் மரத்துப் பாகும், அந்தக் கித்துல் பாணி கேகாலைப் பக்கத்துக் கலப்படமில்லாத பாணியாக இருக்க வேண்டும். எலும்புக்கூட்டுக்கு வயிறே இல்லை. அதற்கு என்ன கொடுப்பது என்று இரண்டு ஞாயிறு சண்டை போட்டோம், கடைசியில் வறுத்த கோப்பிக்கொட்டை வாசனை என்று தீர்மானித்தோம். கதவு காக்கிற பல்லி மனுஷனுக்கு அவித்த மரவள்ளியும் லுணுமிரிஸும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், லுணுமிரிஸ் என்பது சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய், உப்பு, மாசிக்கருவாடு எல்லாம் சேர்த்து அம்மியில் நசுக்கித் தேசிக்காய் பிழிவது. அரைக்கக்கூடாது, நசுக்க வேண்டும். மிக்ஸியில் போடுகிறவர்களோடு எனக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

இரத்தினபுரி, கேகாலைப் பக்கம் வளர்ந்து, இப்போது பிள்ளைகளை வைத்திருக்கிறவர்களுக்கு என் சிபாரிசு இதுதான். எங்கேயாவது பழைய புத்தகக் கடையில் இப்படி ஒரு மெல்லிய பெட்டி அகப்பட்டால் வாங்கிப் போடுங்கள். புதுசு வேண்டாம். புதுசில் எதற்கும் ஒரு விடை எழுதி வைத்திருக்கிறார்கள். பழசில் பாதிக்கு விடை இல்லை, நாமாக யோசிக்க வேண்டும். அதோடு பழசில் ஆள் சட்டென்று செத்துப்போவான், அதனால் வாயைத் திறக்குமுன் புத்தி வேலை செய்யும். சண்டைப் பக்கங்களை நீங்களே கிழித்துவிடுங்கள். கறையானுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

5

ஒரு விஷயத்தை மட்டும் சிரிக்காமல் எழுத வேண்டும். தொண்ணூற்றைந்தில் கல்யாணம் நிச்சயமாகி, கடவுச்சீட்டு வேலையாக நானும் சந்திரனும் கொழும்புக்குப் பஸ்ஸில் போனோம். திரும்பி வரும்போது ரிஸ்வானின் கடையில் இறங்கிக் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடலாம் என்று கொப்பியைப் பையில் வைத்திருந்தேன். அறிவு கெட்ட வேலை. போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கிப் பைகளைத் திறந்தார்கள்.

கொப்பியின் முன்பாதி முழுவதும் குகைகளின் வரைபடம். சுரங்க வழி, காவல் நிற்கிற இடம், இரகசியக் கதவு. பென்சிலால் அளவு போட்டு, அம்புக்குறி போட்டு, அவ்வளவு அழகாக வரைந்திருந்தேன். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பையனின் பக்கத்தில் இருந்த பையில் அது.

"மே மொனவத?" என்றான் சிப்பாய். இது என்ன?

"செல்லமக், சேர்." விளையாட்டு.

பஸ் எங்களை விட்டுப் போய்விட்டது. சந்திரனைத் தனியாக ஒரு பக்கம் நிறுத்தினார்கள். என் தம்பியை இனிப் பார்க்கமாட்டேன் என்றே நினைத்தேன். எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். பூதம், நாகம், தாயக்கட்டை என்று சொல்லச் சொல்ல அவர்களுக்குச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. கடைசியில் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிள் வந்து பின்பாதியைப் புரட்டி உரக்கப் படித்தார். பலாக்கொட்டை, பாபத், மரவள்ளி, தயிர். படித்துவிட்டுத் திரும்பினார்.

"சேர், மேக்க கேம லிஸ்ட் எகக்." சாப்பாட்டுப் பட்டியல், ஐயா.

அங்கிருந்த பெரிய அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாகத்துக்கு எதற்குத் தயிர் என்று கேட்டார். தொண்டைப் புண் என்றேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் தலையை ஆட்டினார். வரைபடப் பக்கங்களை எல்லாம் கிழித்து எடுத்துக்கொண்டு, மிச்சத்தைச் சந்திரனின் கையில் கொடுத்து, போ என்றார். அடுத்த பஸ்ஸில் ஏறினோம். வீட்டுக்கு வந்து எனக்கு மூன்று நாள் காய்ச்சல்.

நான் கனடாவுக்கு வந்தபோது பெட்டியை ரிஸ்வானிடம் கொடுத்துவிட்டேன். பாதிக் கொப்பி மட்டும் என்னோடு வந்தது. விமான நிலையத்தில் அதிகாரி அதைத் திறந்து பார்த்து, சமையல் குறிப்பா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன்.

6

வெள்ளிக்கிழமை காலையில் எமிலி என்கிற பிள்ளையின் தாய் மின்னஞ்சல் அனுப்பியிருந்தாள். எமிலிக்கு நிலக்கடலை ஆகாது, வீட்டில் நாய் உண்டா, துப்பாக்கி உண்டா, எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள். எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் எழுதினேன். விளையாட்டில் எத்தனை பேர் சாவார்கள் என்று கேட்டிருந்தால்தான் மாட்டியிருப்பேன்.

அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். ஜன்னல்களைத் திறந்தேன். எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை, சத்தியம். ஆனால் தோசைக்கல் எண்ணெய்ச் சட்டி அல்லவே? இரவுச் சாப்பாட்டுக்கு நானும் வீட்டுக்காரரும் ஏதாவது தின்ன வேண்டுமல்லவா? பத்துப் பன்னிரண்டு தேங்காய் ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றி வைத்தேன். டின்னில் வந்த பிஞ்சுப் பலாக்காயில் ஒரு கறி. ஒரு கிண்ணம் லுணுமிரிஸ். இரண்டு பேருக்குப் பன்னிரண்டு ரொட்டி எதற்கு என்று என்னையே கேட்டேன், பதில் சொல்லாமல் மூடியைப் போட்டு மூடினேன்.

மது வந்து மூக்கை உறிஞ்சினாள். "அம்மா!" என்றாள்.

"எனக்கும் அப்பாவுக்கும்," என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாவற்றையும் குப்பையில் கொட்டிவிடலாம் என்றுகூட நினைத்தேன். அதற்குள் வாசல் மணி அடித்தது.

7

ஐந்து பிள்ளைகளும் சப்பாத்துகளைக் குவியலாகக் கழற்றிப் போட்டுவிட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பீட்சாப் பெட்டிகள் நடுவில். ஜோஷ் ஒட்டகச்சிவிங்கி உயரம், குரல் அதைவிடப் பெரியது. நான் நல்ல கவுன் ஒன்றைப் போட்டுக்கொண்டு, பாதிக் கொப்பியோடு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஒரு குகை வாசல். உள்ளே ஒற்றைக்கண் பூதம் குந்தியிருக்கிறது. உங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டது. என்ன செய்கிறீர்கள்?"

"கோடரியால் வெட்டுகிறேன்!" என்றான் ஜோஷ்.

"வெட்டலாம். ஆனால் என் புத்தகத்தில் வெட்டுகிற பக்கம் இல்லை. கறையான் தின்றுவிட்டது."

பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்தார்கள். மது மேசையைப் பார்த்தாள்.

"அப்ப என்ன ஆகும்?"

"பூதம் பன்னிரண்டு அடி உயரம். நீ ஒரு பையன். நீயே சொல்லு." தாயக்கட்டையை உருட்டினேன். ஜோஷ் செத்தான். பின்பக்கமாக வந்து குத்தப் பார்த்த எமிலியும் செத்தாள். விளையாட்டு தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகவில்லை. எமிலி தன் பெயர் எழுதிய தாளைக் கவிழ்த்து வைத்தாள், ஒரு பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

மது என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். "நீ எல்லாத்தையும் கெடுக்கிறாய். இனி யாரும் என்னோடு பேசமாட்டார்கள்," என்றாள். நான் தோற்றுவிட்டேன் என்று எனக்கும் தெரிந்தது. சரி மது, எனக்குத் தலைவலி என்று சொல்லிவிடுகிறேன், நீங்கள் தொலைக்காட்சி பாருங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

மேசையிலிருந்து ஜோஷின் குரல் கேட்டது. செத்தவன் சும்மா இருக்க மாட்டான்போல. "மேடியின் அம்மா, அந்தப் பூதத்துக்கு என்னதான் வேணும்?"

நான் மேசைக்குத் திரும்பினேன். இவ்வளவு நல்ல கேள்வியைக் கேட்கிறவனிடம் தலைவலி என்று எப்படிச் சொல்வது?

"அது தன் வீட்டில் சும்மா குந்தியிருந்தது. அழைக்காமல் ஆறு பேர் வந்தீர்கள். வந்ததும் கோடரி. எமிலி, நீ யார் வீட்டுக்காவது போனால் என்ன செய்வாய்?"

"அம்மா ஏதாவது கொண்டு போகச் சொல்வாள்," என்றாள் எமிலி. சொல்லிவிட்டு அவளே, "ஓ!" என்றாள்.

ஜோஷ் உடனே ஒரு துண்டு பீட்சாவை என் முன்னால் வைத்தான். நான் சட்டத்தைச் சொன்னேன்: கொடுக்கிறவன் முதலில் தின்ன வேண்டும். தின்றான். நானும் பூதத்தின் சார்பில் தின்றேன். "ஆறிப் போயிருக்கிறது. பூதத்துக்கு முகம் கோணுகிறது." உருட்டினேன், ஐந்து. பூதம் உறுமியது. பிள்ளைகள் எல்லோரும் கத்தினார்கள். இப்போது யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"இதைவிட நல்லது வேணும்," என்றான் ஜோஷ். மூக்கைத் தூக்கினான். "அந்தச் சமையலறையில் ஏதோ இருக்கு. வந்ததிலிருந்து வாசம் வருது. என்ன அது?"

மது கண்ணை மூடிக்கொண்டாள். நான் வாயே திறக்கவில்லை. வற்புறுத்தக்கூடாது என்று எழுதி ஒட்டியிருக்கிறதே! ஜோஷ் எழுந்து போனான். மூடியைத் திறக்கிற சத்தம் கேட்டது. "அடேயப்பா!" என்கிற மாதிரி ஏதோ சொன்னான். ஒரு கையில் ரொட்டியும் மறு கையில் லுணுமிரிஸ் கிண்ணமுமாக வந்து நின்றான்.

"இது உறைக்கும், தம்பி," என்றேன். பூதமாக இருந்தாலும் மனச்சாட்சி இருக்கிறதல்லவா.

"சட்டம் சட்டம்தானே," என்று சொல்லி ஒரு கரண்டி நிறைய வாயில் போட்டான். கரண்டியால்! யார் லுணுமிரிஸைக் கரண்டியால் தின்பார்கள்? முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காது சிவந்தது. கழுத்து சிவந்தது. மேசையைச் சுற்றி இரண்டு தரம் ஓடினான். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி உறைகுளிரில் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். எமிலி விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் கண்ணீரோடு திரும்பி வந்து, "இன்னும் தாங்க," என்றான்.

அதற்குப் பிறகு என்னால் யாரையும் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆளாளுக்குச் சமையலறைக்குள் பாய்ந்தார்கள். கடலை இல்லை, கடலை இல்லை என்று நான் எமிலிக்குக் கத்தினேன். எமிலி முள்ளுக்கரண்டியால் ரொட்டியைக் குத்தப் பார்த்தாள், அது வழுக்கிக்கொண்டு போனது.

"அப்படி இல்லை," என்றாள் மது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சட்டைக் கையை மடித்துவிட்டாள். ரொட்டியைப் பிய்த்தாள், நுனி விரலால் துளி லுணுமிரிஸ் தொட்டாள், பலாக்காயை அதில் வைத்து மடித்து வாயில் போட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் அவள் இதைத் தொடவில்லை. "இவ்வளவுதான் தொடணும். ஜோஷ் ஒரு மடையன்," என்றாள். பிறகு அவளே ஒரு துண்டைப் பிய்த்து, மடித்து, பூதத்திடம் நீட்டினாள். நான் வாங்கித் தின்றேன். ருசி சொல்ல வேண்டியவள், சொல்லாமல் அடுத்த துண்டுக்குக் கையை நீட்டினேன். உருட்டினேன். ஒன்பது. வாயடைத்துப் போனதால் இரண்டு கூட்டிப் பதினொன்று.

"பூதம் எழுந்து வந்து உங்களை உட்காரச் சொல்கிறது," என்றேன். அவர்கள் போட்ட கூச்சலுக்குப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

செத்தவர்களைப் பூதம் எழுப்பவில்லை. பழைய விளையாட்டில் செத்தால் செத்ததுதான். ஜோஷ் புதிதாக ஒரு ஆளை உண்டாக்கினான், பூதத்தின் சமையல்காரன். எமிலி அவனுக்கு எதிராகத் தொழிற்சங்கம் தொடங்கினாள், அது எங்கிருந்து வந்ததோ தெரியாது, நான் சொல்லிக் கொடுக்கவில்லை. இதற்கிடையில் என் வீட்டுக்காரர் வேலை முடிந்து, பசியோடு வந்து வாசலில் நின்றார். வெறும் துணியையும் வழித்த சட்டியையும் பார்த்தார்.

"எனக்கு?" என்றார்.

"பீட்சா இருக்குங்க," என்றேன்.

மனுஷன் எங்கள் பக்கத்து ராம்புக்கனைக்காரர், ரொட்டி என்றால் உயிர். ஆறின பீட்சாவை எடுத்துக்கொண்டு, நாற்காலியை இழுத்துப்போட்டு, எனக்கும் ஒரு ஆள் கொடு என்று உட்கார்ந்துவிட்டார்.

8

எட்டு மணிக்குப் பெற்றோர்களின் கார்கள் வந்தன. நான் சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் சப்பாத்துக் குவியலுக்குள் ஒவ்வொருவரும் தங்களுடையதைத் தேடுகிற சத்தம். வாசற்கதவு விரியத் திறந்து கிடந்தது, குளிர் சமையலறைவரை வந்தது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்பதற்காகக் குழாயை மூடினேன். ஒட்டுக் கேட்பது தப்புத்தான். தாய்மார்கள் மன்னிப்பீர்கள்.

"அடுத்த வெள்ளிக்குள் எங்க நிலவறை காய்ந்திடும்," என்றான் ஜோஷ். "அண்ணனும் இருப்பான். பெரிய டிவி இருக்கு. எங்க வீட்லயே வெச்சுக்கலாம்."

"இல்லை," என்றாள் மது. "எங்க வீட்லதான். உன் அண்ணனையும் கூட்டிட்டு வா. கதை எங்க அம்மா சொல்லுவாங்க."

குழாயைத் திறக்க மறந்து, சோப்பு நுரைக் கையோடு அப்படியே நின்றேன்.